தெவசத்துக்கு வந்த மைனர்

கொல்லைச் சுவரின் மேல் தலைவாழை இலை. இலையில் எள்ளும் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோற்று உருண்டை. பக்கத்தில் உளுந்து வடை, பூசணிக்காய்க் கூட்டு, ஒரு கரண்டி பாயசம். சுவருக்கு இந்தப் பக்கம் சொந்தபந்தம் முழுக்க நின்று, "கா... கா..." என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம், தென்னை மட்டைகளில், காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்க்கின்றன. கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர் நான்காம் தடவை வாளியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஒன்று கொட்டாவி விட்டது. காக்கை கொட்டாவி விடுமா என்று கேட்காதீர்கள். நான் அதன் வாத்தியார். எனக்குத் தெரியும்.

இடம் காமயகவுண்டன்பட்டி. வீடு வீரண்ணன் வீடு. அவருடைய தகப்பனாரின் வருஷ தெவசம். காக்கை ஒரு வாய் எடுத்தால்தான் மனிதர்களுக்கு இலை. உச்சிப் பொழுது சாய்ந்து, குழந்தைகள் அழுது ஓய்ந்து, பெரியவர்கள் அழலாமா என்று யோசிக்கும் கட்டம்.

வீரண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோப்பும் நஞ்சையும் உள்ளவர். நல்ல மனிதர். யார் கண் பட்டதோ, ஒரு பேசும்படத்துக்கு முதலாளியாகவும் ஆகிவிட்டவர். அந்தப் படத்தில் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் நடிப்புச் சொல்லிக்கொடுக்க வந்தவன் நான்.

காக்கைகள் ஏன் வரவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால், தொந்தியை மறைக்கத் தூண் போதாமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன் வரலயாம்? ஏன் வருவாகன்னு கேக்குறேன்!" என்றது ஒரு குரல். வீரண்ணனின் அக்கா அங்கம்மா. அந்த வீட்டில் அடுப்பும் சாவிக்கொத்தும் அவர் கையில்தான். "அய்யா சம்பாதிச்ச தோப்பக் கூத்தாடிகளுக்குத் தெறந்து விட்டிருக்கான் இவன். அவுக வந்து வாய வைப்பாகளா?"

கூட்டம் திரும்பிக் கூத்தாடிகளைத் தேடியது. தூண் இன்னும் கொஞ்சம் ஒல்லியானது போல இருந்தது.

பயந்தவனுக்குக் கிடைத்த தொழில்

சென்ற வாரம் குதிரை என்னைத் தூக்கி வைக்கோற்போரில் போட்ட கதையைப் படித்த வாசகர் ஒருவர், "இவ்வளவு பயம் உள்ளவர் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மனைவியும் இதைத்தான் கேட்பாள். அவள் இவ்வளவு மரியாதையாகக் கேட்பதில்லை.

பயம் இருந்ததால்தான் வந்தேன், ஐயா.

அனுமந்தன்பட்டியில் என் வயதுப் பையன்கள் எல்லாம் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுவார்கள். நான் கரையிலேயே நின்று மாட்டின் காதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காது பின்னால் போனால் முட்டும். வால் விறைத்தால் உதைக்கும். மூக்கு நனைந்து பளபளத்தால் சாது. தைரியசாலிகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பயந்தவன் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

பிற்பாடு நாடகக் கம்பெனியில் கோமாளியாக இருந்து, அங்கிருந்து பட்டணத்தில் ஊமைப்படக் கம்பெனிக்குப் போனேன். ஒருநாள் அங்கே ஒரு நாய் உட்கார மறுத்தது. எல்லோரும் அதை அதட்டினார்கள். "காது பின்னால போயிருக்குங்க. இன்னும் ஒரு தடவ அதட்டினா கடிக்கும்" என்றேன். அதட்டினார்கள். கடித்தது. அன்று மாலையே நான் மிருக நிபுணன் ஆகிவிட்டேன்.

ஊமைப்படக் காலம் என் பொற்காலம். காமிராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏலே, இங்கன பாருலே! வாலே இங்க!" என்று எங்கள் ஊர்ப்பக்கத்துக் கம்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தலாம். கத்துவது படத்தில் விழாது.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. நான் வாயை மூட வேண்டியதாயிற்று.

முதல் பேசும்படத்தில் கதாநாயகி ஒரு மானைத் தடவிக்கொண்டு பிரிவுத்துயரில் பாடுகிறார். மான் திரும்பி என்னைப் பார்க்கிறது. பழக்கதோஷம், "ஏலே, அங்கன பாரு!" என்றுவிட்டேன். பாட்டின் நடுவே அது கணீரென்று பதிந்துவிட்டது. படம் ஓடிய ஊர்களிலெல்லாம் அழவேண்டிய அந்த இடத்தில் ஜனங்கள் உருண்டு சிரித்தார்களாம். அதற்குப் பிறகு நெடுநாள் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை.

இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. பயம் வந்தால் விக்கல் வரும். அதுவும் மைக்கில் நன்றாக விழும்.

இப்படிக் கிடந்தவனை, "நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பையன், கிடந்துட்டுப் போறான்" என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டவர் வீரண்ணன் ஒருவர்தான். இந்தப் படமும் போனால் எனக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்று: அனுமந்தன்பட்டியில் என் மாமனார் நடத்திய எண்ணெய்க் கடை. செக்கு மாட்டுக்குக்கூட அங்கே என்னைவிட மதிப்பு அதிகம்.

ஒரு மாணவன், ஊர்ப்பட்ட கூட்டம்

படத்தின் கதை இது. ஒரு ராஜாவைச் சனி பிடிக்கிறது. நாடு போகிறது, கிரீடம் போகிறது. கடைசியில் மரத்தடியில் பிச்சைச் சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு அழுகிறார். அப்போது ஒரு காக்கை பறந்து வந்து அவருடைய இடது தோளில் உட்கார்ந்து, உள்ளங்கையிலிருக்கிற அந்த ஒரு வாய்ச் சோற்றையும் பறித்துக்கொள்கிறது. கதையே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பார் டைரக்டர். பட்டணத்துக்காரர். வெயிலோ நிழலோ, தலையில் சோலாத் தொப்பி இருக்கும்.

"நிஜக் காக்கைதான் வேண்டும்" என்றார் சுலபமாக.

சனீஸ்வரன் கோயில் உள்ள குச்சனூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சீமையில், அவர் வாகனத்தைப் பிடித்துக் கூண்டில் அடைக்க யார் துணைக்கு வருவார்கள்? அது போதாதென்று, ஒவ்வொரு காக்கையும் யாராவது ஒருவருக்குப் பாட்டன் பூட்டன். தலையில் காக்கை உரசிவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு குச்சனூருக்குப் போய் எள் விளக்கு ஏற்றுகிற ஜனங்கள். ஆகையால் பிடிக்காமல், கட்டாமல், தோப்பில் சுதந்திரமாகத் திரிகிற காக்கைக்கே நடிப்புச் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

முறுக்கு காட்டினேன். பார்த்தன. இட்லி காட்டினேன். முகத்தைத் திருப்பின. ஒருநாள் கம்பம் சந்தையிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வறுத்து வைத்தேன். தோப்பே கறுத்துப்போயிற்று.

அவற்றில் ஒன்று, கழுத்தில் சாம்பல் பட்டை அகலமாக, நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். பண்ணை வீட்டுப் பிள்ளை தேர்த்திருவிழாவுக்கு வந்த மாதிரி. அதற்கு மைனர் என்று பெயர் வைத்தேன். சத்தம் போடக்கூடாதல்லவா? என் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு உதறு உதறினால் மைனர் வரவேண்டும். கையை ஏந்தி நிற்பவர் எவரோ அவர் இடது தோளில் உட்காரவேண்டும். கையில் இருக்கும் சோற்றுக்குள்ளே ஒளித்த நெத்திலியை எடுத்துக்கொண்டு போகவேண்டும். இதுதான் பாடம். மைனர் கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

ராஜா வேஷக்காரர்தான் ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு, குச்சனூர் திசை பார்த்து ஒரு பெரிய கும்பிடு போடுவார்.

இதில் ஒரு சங்கடம். படிப்பு மைனருக்கு மட்டும்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஊர்க் காக்கைகள் மொத்தமும் வந்தன. மைனருக்கு மட்டும் போட்டால் மற்றவை சண்டைக்கு வரும். எல்லாவற்றுக்கும் போட்டேன். நாளடைவில் அந்த ஊரில் வேறு எந்த வீட்டுச் சோற்றையும் காக்கைகள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் அதை என் தொழில் திறமை என்று நினைத்துப் பூரித்திருந்தேன்.

தெவசத்துக்கு மறுநாள் படப்பிடிப்பு. தெவசத்தன்று காலையில் டைரக்டர், "இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கூடை நெத்திலியையும் காலி செய்துவிட்டார். வீரண்ணன் எங்களையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். பந்தி என்பதுதான் என் மண்டையில் ஏறியது. பந்திக்கு முன்னால் வேறொருவர் சாப்பிட்டாகவேண்டும் என்பது ஏறவில்லை. இலை சுவருக்கு ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. உடனே விக்கலும் வந்தது.

வீரண்ணன் வாய் திறந்தார்

மறுபடியும் கொல்லைச் சுவருக்கு வருவோம்.

வீரண்ணன் இரண்டு கையையும் வானத்துக்கு ஏந்தினார். குரல் உடைந்திருந்தது.

"அய்யா, என்னக் கொற வச்சேன்? சினிமா வேணாங்கிறீகளா? வேணாம்னா வேணாம். இந்தா, இம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்றேன். நீங்க வந்து வாய் வைக்கலேன்னா நாளைக்குக் காமிராவ வண்டியில ஏத்தி அனுப்பிடுறேன்."

டைரக்டர் என் பக்கத்தில்தான் நின்றார். தொப்பிக்குக் கீழே முகம் சுண்ணாம்பாயிற்று. "உன் காக்கையைக் கூப்பிடய்யா!" என்று பல்லைக் கடித்தார்.

"என் காக்கையா? அது... விக்... அவுங்க அப்பா இப்ப."

"யாராயிருந்தால் என்ன? கூப்பிடு!"

கூப்பிட்டால் மைனர் வருவான். வந்து இலையைப் பார்ப்பான். எள்ளும் பருப்பும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். 'கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாக' என்று ஆகிவிடும். அது வராமல் இருப்பதைவிட மோசம். இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அங்கம்மாவின் கண் தூணைக் கண்டுபிடித்துவிட்டது.

"ஏய்யா காக்கா வாத்தியாரே! அங்கன என்ன ஒளிஞ்சு வெளையாடுற? தோப்புல நீ தலப்பாவ ஆட்டுனா பறந்து பறந்து வருதாமே. இங்கனயும் ஆட்டு, பாப்போம்!"

"அக்கா, அது... விக்... நடிப்புக்கு வர்றது. இது வேற."

"ரெண்டும் சோத்துக்குத்தானய்யா வருது? ஆட்டு! என்ன விக்கல்? யாரு நெனைக்கிறாக உன்ன, எமனா?"

கூட்டம் வழி விட்டது. அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் அதற்கு முன்னும் பின்னும் வழி விட்டதில்லை. ஆட்டுக்கு விடுவார்கள், கோயில் வாசலில்.

என் மடியில் காலையில் மிஞ்சிய ஒரே ஒரு நெத்திலி இருந்தது.

சுவரிடம் போனேன். இலைக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடுவதுபோல் குனிந்தேன். குனிந்த மறைவில் நெத்திலியைச் சோற்று உருண்டைக்குள் திணித்தேன். தலையை அமுக்கினால் வால் எட்டிப் பார்த்தது. வாலை அமுக்கினால் தலை எட்டிப் பார்த்தது. சுத்த சைவத் தெவசம். வீட்டில் அன்று வெங்காயம்கூட நறுக்கவில்லை. பிடிபட்டால் அந்தத் தென்னைமரத்திலேயே என்னைக் கட்டுவார்கள் என்பதும், எந்த மரம் என்பதும்கூட எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் சாய்ந்திருந்த மரம். மேலே சோற்றைப் பூசி, எள்ளைத் தூவி, பின்னால் நகர்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து உதறினேன்.

மைனர் வந்தான்.

நேராக இலைக்கு வந்திருக்கலாம். படித்த காக்கையாயிற்றே, பாடப்படிதான் வந்தான். கண்ணீரோடு கையை ஏந்தி நிற்கிறவர் அங்கே ஒருவர்தான். வீரண்ணனின் இடது தோளில் வந்து உட்கார்ந்தான். ஒத்திகையில் ஒரு தடவைகூட அவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை. "அடடா, காமிரா இல்லையே!" என்று டைரக்டர் அந்த நிலையிலும் முனகினார்.

"ஆத்தாடி!" என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். வீரண்ணன் மரம்போல நின்றார், மூச்சுக்கூட விடவில்லை. மைனர் குனிந்து அவர் உள்ளங்கையைப் பார்த்தான். வெறுங்கை. என்னைப் பார்த்தான். 'எங்கே?' என்று கேட்கிற பார்வை. எனக்கு விக்கல் நெஞ்சில் வந்து நின்றது.

பிறகு ஒரே தாவல், இலைக்கு. சோற்றைக் காலால் தள்ளினான். வடையை ஒதுக்கினான். உள்ளே அலகை விட்டு இழுத்தான். எடுத்ததை அப்படியே விழுங்கிவிட்டுப் போயிருக்கலாம். மைனர் அல்லவா? சுவரின் நுனிக்கு நடந்துபோய், நெஞ்சை நிமிர்த்தி, அதை ஊருக்கெல்லாம் தெரிகிறபடி தூக்கிப் பிடித்தான்.

வெயிலில் பளபளத்தது, நெத்திலி.

இலையைப் போடு

அந்த நிசப்தத்தில் ஒரு விக்கல் கேட்டது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் சாய்ந்த மரத்தைப் பார்த்தேன். டைரக்டர் மாட்டுவண்டி நிற்கும் பக்கம் பார்த்தார். ஆனால் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் அங்கம்மாவைப் பார்த்தார்கள். அங்கம்மா அந்த மீனைப் பார்த்தார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, எனக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பெரியவருக்குக் கடைசியில் கால் வீங்கி நீர் கோத்துக்கொண்டது. உப்பு ஆகாது, கருவாடு கூடவே கூடாது என்றுவிட்டார் வைத்தியர். கருவாடு இல்லாமல் ஒருவேளைகூட உண்டறியாத மனிதர். "ஒரே ஒரு நெத்திலி, அங்கம்மா" என்று பிள்ளை மாதிரி தினமும் கேட்பாராம். அங்கம்மா பானையை எட்டாத உயரத்தில் உறியில் தூக்கிவிட்டார். தகப்பன் கேட்கக் கேட்க, மகள் கொடுக்கவில்லை. அப்படியே போய்விட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் எள்ளும் பருப்பும்தான்.

"வச்சிட்டியாக்கா..." என்றார் வீரண்ணன். கேள்வியாகக் கேட்கவில்லை. கண்ணீர் தாடையில் சொட்டியது. "இத்தன வருசங் கழிச்சு நீயே வச்சிட்டியா. அதான் வந்துட்டாக. என் தோள்ல வந்து ஒக்காந்தாகளே, பாத்தியா?"

அங்கம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். மைனர் நெத்திலியைத் தலை முதல் வால் வரை விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாப்பிட்டாக," என்றார். "எல்லாரும் என்ன பாக்குறீக? இலையப் போடுங்க."

சனி பகவான் ஆட்டில் வந்த காரணம்

பந்தியில் டைரக்டர் இரண்டு மடங்கு சாப்பிட்டார். "அப்போ நாளைக் காலையில் காக்கை காட்சியை எடுத்துவிடலாம் அல்லவா?" என்று வீரண்ணனிடம் குழைந்தார்.

"எடுங்க. தோப்பு உங்க தோப்பு. படத்த நடத்துங்க. எங்கய்யாவே உத்தரவு குடுத்துட்டாக." வீரண்ணன் மோரை ஊற்றிக்கொண்டார். "ஆனா எங்கய்யா நடிக்க மாட்டாக."

"...எது?"

"அடுத்தவன் கையில இருக்கிறதப் பிடுங்கித் திங்கிறதுக்கா எங்கய்யா? அவுக பத்துப் பேருக்குப் போட்ட கையி. ஏன் தம்பி, நீ என்னமோ மைனருன்னு கூப்பிடுறியாமே?"

"இனிமே கூப்பிட மாட்டேண்ணே" என்றேன்.

"சரி, வேறு காக்கை?" என்றார் டைரக்டர்.

"அது யாரு வீட்டு அய்யாவோ!"

"குரங்கு?"

"ஆஞ்சநேயரு."

"நாய்?"

"பைரவரு."

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். அவர் வழுக்கையை அன்றுதான் பார்த்தோம். கடைசியில் வீரண்ணனே வழி சொன்னார். "ஆடுன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

எங்கள் படத்தில் சனி பிடித்த ராஜாவின் கடைசிக் கவளத்தை ஏன் ஒரு வெள்ளாடு தின்றது என்று அந்நாளில் பத்திரிகைகளில் கிண்டல் செய்திருந்தார்கள். உட்பொருள் என்ன என்று ஒரு விமர்சகர் இரண்டு பத்தி ஆராய்ந்தும் இருந்தார். அது என் முழங்கையைக் கடித்த ஆடு என்பதைத் தவிர அதில் உட்பொருள் ஒன்றும் கிடையாது.

அதெல்லாம் பின்னால். அன்று நான் பந்தியின் கடைசி இலையில், உயிர் மிஞ்சியதே என்று குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கம்மா பாயச வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்ததும் நின்றார். ஒரு கரண்டி ஊற்றினார். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். பிறகு, சிந்தியதை வழிப்பதுபோலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"வாத்தியாரே, கருவாட்ட அலசாம அப்படியே வச்சிருக்க. அய்யாவுக்கு உப்பு ஆகாதுய்யா. அடுத்த வருசம் ரெண்டு தண்ணி விட்டுக் கழுவிட்டுக் கொண்டா."

சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த பந்திக்கு இலை போடப் போனார்.